பகலில் வேறு வேலை, இரவில் வேறு கோள்

அறிவியல் புனைகதைச் சிற்றிதழ் எது கையில் கிடைத்தாலும் நான் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பேன். அங்கே எழுதியவர்களைப் பற்றி ஆளுக்கு நாலு வரி இருக்கும். எந்த ஊர், பிழைப்புக்கு என்ன செய்கிறார், இதற்குமுன் எங்கே எழுதினார். ஒருவர் வழக்கறிஞர், அடுத்தவர் ஆய்வகத்தில் நுண்ணுயிர்களோடு காலம் கழித்தவர், அதற்கடுத்தவர் அகதிகள் நடுவே வேலை செய்யும் கவிஞர். ஒரே அட்டைக்குள் இத்தனை விதமான வாழ்க்கைகளா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. கதைகளுக்குள் நுழைவது அதன்பிறகுதான். அப்படி நுழையும்போது கதையும் வேறாகத் தெரிகிறது. எழுதியவரின் கைக்காய்ப்பு வரிகளுக்குள்ளே தட்டுப்படுகிறது.

இந்தப் பித்தை எனக்குள் ஏற்றியது லோந்தார். தென்கிழக்காசியாவின் மிகைபுனைவுக்கென்றே சிங்கப்பூரிலிருந்து 2013 முதல் 2018 வரை வந்த இதழ் அது. மொத்தம் பத்தே இதழ்கள். முதலில் மேத் பேப்பர் பிரஸ் வெளியிட்டது, பிறகு எபிகிராம் புக்ஸ் எடுத்துக்கொண்டது. ஆசிரியர் ஜேசன் எரிக் லண்ட்பெர்க் அமெரிக்காவில் பிறந்து இங்கே சிங்கப்பூரில் வந்து குடியேறியவர். பத்து இதழோடு நின்றுவிட்டதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அந்தப் பத்தும் பத்துப் பொக்கிஷம். லாவோஸும் பிலிப்பீன்ஸும் மலேசியாவும் எதிர்காலத்தைக் கனவு கண்டால் எப்படியிருக்கும் என்பதை அந்த இதழ் ஒரே மேசையில் பரப்பி வைத்தது.

முதல் இதழில் எழுதிய பிரையன் தாவ் வோராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-ல் வியந்தியானில் பிறந்த குழந்தை. லாவோஸில் இருந்த அமெரிக்க விமானி ஒருவர் தத்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். வளர்ந்ததும் அந்தப் பிள்ளை லாவோ புராணங்களையும் விண்கலங்களையும் ஒரே கவிதைக்குள் கொண்டுவந்தார். பிறகு அறிவியல் புனைகவிதையாளர்களின் அனைத்துலகச் சங்கத்துக்கே தலைவரானார். பிறந்த மண்ணை நினைவிலிருந்து எடுக்க முடியாதவர், அதை எதிர்காலத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அவர் கவிதைகளைப் படித்துவிட்டு நான் எம்ஆர்டியில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதே இதழில் ஸென் சோ. மலேசியப் பெண். இங்கிலாந்தில் சட்டத்துறையில் பணியாற்றிக்கொண்டே எழுதியவர். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை டிராகனாக மாறி விண்ணேற முயன்று, ஒவ்வொரு முறையும் தோற்றுத் தரையில் விழும் பாம்பைப் பற்றி ஒரு நெடுங்கதை எழுதினார். 2019-ல் அதற்கு ஹ்யூகோ விருது. தேர்வு, பதவி உயர்வு, பேட்டி என்று எதிலாவது தோற்றுத் திரும்பிய எவரும் அந்தப் பாம்பைக் கட்டிக்கொள்வார்கள்.

நம் ஊர்க்காரர்களைச் சொல்லாமல் எப்படி? இங் யீ ஷெங் கவிஞர், நாடக ஆசிரியர். லண்ட்பெர்க் 2012-ல் தொகுத்த சிங்கப்பூர்க் கதைத் தொகுப்பில், நம் தேசிய மலருக்குப் பெயர் தந்த ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையாரை உயிரியல் ஆயுதம் செய்பவராக்கி ஒரு கதை எழுதினார். பள்ளிப் பாடப் புத்தகத்தில் பார்த்த ஆர்க்கிட் பூவை இனி நான் பழையபடி பார்க்கவே முடியாது! நியோன் யாங் ஆய்வகத்தில் இருந்தார், பத்திரிகையில் இருந்தார், சித்திரக்கதைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் எழுதினார். வினா ஜீ மின் பிரசாத் 2017-ல் எழுதிய ஒரு கதையில் ஒரு பெண் அச்சு இயந்திரத்தில் போலி மாட்டிறைச்சி தயாரித்துப் பிழைக்கிறாள். கள்ளநோட்டு அடிப்பவரின் பதற்றமும் சமையல்காரரின் நுட்பமும் ஒன்றுசேர்ந்த கதை. கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழில் வெளிவந்து, ஹ்யூகோ, நெபுலா இரண்டின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. ஒருமுறை படித்துப் பாருங்கள், மாமிசம் சாப்பிடாதவர்களுக்கும் வாசனை வரும்.

நான் இதையெல்லாம் படிப்பது புக்கிட் பாத்தோக்கில். பெரும்பாலும் வெஸ்ட் மால் நூலகத்தில், இல்லாவிட்டால் என் புளோக்கின் கீழே கோப்பிக் கடையில். இந்த வட்டாரம் இந்தக் கதைகளுக்கென்றே அமைந்த ஊர். கருங்கல் வெட்டி எடுத்த குழியில் தண்ணீர் நிரம்பி, செங்குத்துப் பாறைகள் நடுவே குளமாகிக் கிடக்கிறது லிட்டில் குவெய்லின். அதற்குச் சற்றுத் தள்ளி வீவக அடுக்குமாடிகள். புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில் ஜப்பானியர் காலத்தில் போர்க்கைதிகளை வைத்துக் கட்டிய நினைவுச்சின்னம் இருந்தது. இன்று படிக்கட்டு மட்டும் மிச்சம், மேலே தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. ஒரே குன்றில் மூன்று காலம். இதற்கு நடுவில் ஜூரோங் வட்டார ரயில் பாதைக்கான தூண்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. புக்கிட் பாத்தோக் வெஸ்ட் என்று ஒரு நிலையமும் வரப்போகிறது.

அந்த மாதிரிக் கட்டுமானத் தளம் ஒன்றில் பாரந்தூக்கி வேலைகளை மேற்பார்வை பார்க்கும் தம்பி ஒருவரைக் கோப்பிக் கடையில்தான் சந்தித்தேன். புதுக்கோட்டைப் பக்கம். கையில் சுஜாதா வைத்திருந்தார், அதனால் பேச்சுக் கொடுத்தேன். மூன்றாவது தே ஓ வருவதற்குள் தானும் கதை எழுதுவதாகச் சொன்னார். விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் தட்டிய கதை. இரவு வேலை. கிரேன் கொக்கியில் எதுவும் மாட்டவில்லை. ஆனால் ஓட்டுநர் அறைத் திரையில் எடை 70 கிலோ என்று காட்டுகிறது. கருவி பழுதில்லை, சோதித்தாயிற்று. மறுநாளும் அதே நேரம், அதே 70. தளத்தில் யாருடைய எடை 70 கிலோ என்று சிக்னல்மேன் யோசிக்கத் தொடங்குகிறான்.

நான் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். "தம்பி, இதை அனுப்புங்க!" என்றேன். "அண்ணே, நான் சயின்ஸ் படிச்சவன் இல்லையே" என்றார். எடை காட்டும் அந்தத் திரையை நாள் முழுதும் நம்பி, அது சொன்ன எண்ணை வைத்து மனிதர்களின் உயிரைக் காப்பவருக்குத்தான் இந்தக் கதை தோன்றும். எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கற்றுத்தராது. இதைச் சொல்லிவிட்டு, அவருக்கு நான் இன்னொருவரின் கதையைச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்லியே ஆகவேண்டும்.

1950-ல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஃபேன்டஸி புக் என்றொரு இதழ் வந்துகொண்டிருந்தது. வில்லியம் கிராஃபர்ட் என்பவர் குறைந்த காசில், நிறைய ஆசையில் நடத்தியது. அதன் ஆறாவது இதழில் கார்ட்வெய்னர் ஸ்மித் என்ற, யாரும் கேள்விப்பட்டிராத பெயரில் ஒரு கதை. விண்வெளியின் வலியைத் தாங்குவதற்காக நரம்புகளைத் துண்டித்துக்கொண்ட மனிதர்கள். அவர்களுக்குத் தொடு உணர்ச்சி இல்லை, சுவை இல்லை, காது கேட்காது. மார்பில் பொருத்திய கருவிகளைக் கண்ணால் பார்த்துத்தான் தங்கள் உடம்பு உயிரோடிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கதையைப் பெரிய இதழான அஸ்டவுண்டிங் திருப்பி அனுப்பியிருந்தது. ஐந்து ஆண்டுகள் கிடப்பில் கிடந்த பிறகு ஃபேன்டஸி புக் அதற்கு இடம் கொடுத்தது.

யார் இந்த ஸ்மித்? உண்மைப் பெயர் பால் லைன்பார்கர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிய அரசியல் பேராசிரியர். சீனக் குடியரசின் தந்தை சுன் யாட் சென் அவருக்கு ஞானத்தந்தை. சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர். சீனாவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்து பல மொழி பேசியவர், 23 வயதில் முனைவர். இரண்டாம் உலகப் போரில் சீனாவில் பணியாற்றி, 1948-ல் உளவியல் போர்முறை பற்றி எழுதிய நூல் அந்தத் துறையின் அடிப்படைப் பாடமானது. இன்னும் கேளுங்கள்: மலாயா அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படைகளுக்கு ஆலோசனை சொல்ல வந்ததும் இதே மனிதர்! நம் தாத்தாமார்கள் ரப்பர் தோட்டத்தில் ஊரடங்குக்குள் முடங்கிக் கிடந்த காலத்தில், இந்தப் பகுதியின் மேல் ஒரு கண்ணோடு, மனத்துக்குள் பல்லாயிரம் ஆண்டு எதிர்கால வரலாற்றைச் சுமந்துகொண்டு அவர் நடமாடியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் கதைகளை நான் நம் வட்டாரக் கதைகளாகவே படிக்கிறேன். அவருடைய அரசாங்க வேலையை நான் கொண்டாடவில்லை. மனித மனத்தை அருகிலிருந்து பார்த்த ஒருவர், வலியை உணரமுடியாமல் போனவர்களுக்காக அத்தனை கண்ணீரோடு எழுதினாரே, அதைக் கொண்டாடுகிறேன்.

அந்த ஆறாவது இதழை அப்போது எத்தனைபேர் படித்திருப்பார்கள்? ஆனால் அதே இதழில் ஃபிரடெரிக் போல் என்ற எழுத்தாளர் ஐசக் அசிமோவோடு சேர்ந்து புனைபெயரில் எழுதிய கதை ஒன்றும் இருந்தது. தன் கதை வந்த இதழைப் புரட்டிய போல், பக்கத்திலிருந்த ஸ்மித்தைப் படித்து அசந்துபோனார். 1952-ல் ஒரு தொகுப்பில் அதைச் சேர்த்து உலகத்துக்குக் காட்டினார். சிற்றிதழில் எழுதும் ஒவ்வொருவரும் பக்கத்துக் கதையைப் படிக்கவேண்டும் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

1966-ல் லைன்பார்கர் இறக்கும்வரை பெரும்பாலான வாசகர்களுக்கு ஸ்மித் யாரென்று தெரியாது. இன்னொருவர் இதைவிடப் பெரிய மறைவில் இருந்தார். ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் எழுதியவர் அலிஸ் ஷெல்டன் என்ற பெண். போர்க்காலத்தில் விமானப்படையின் புகைப்பட உளவுப் பிரிவில் அதிகாரி, பிறகு கணவரோடு கோழிக்குஞ்சுப் பண்ணை, பிறகு சிஐஏ, பிறகு உளவியலில் முனைவர். அதற்கும் பிறகு, ஐம்பது வயதுக்கு மேல்தான் கதை! ஜெஃப்ரி ஸ்மித் நடத்திய கத்ரு என்ற சிற்றிதழ் 1970-களில் பெண்களும் அறிவியல் புனைவும் பற்றி ஒரு கடித விவாதம் நடத்தியது. அதில் 'ஆண்' எழுத்தாளராக அவர் கலந்துகொண்டார். ஒரு வாழ்க்கையில் இத்தனை வாழ்க்கைகள். ஓய்வுபெறும் வயதில் இனி என்ன என்று உட்காரும் என் நண்பர்கள் எல்லாருக்கும் ஷெல்டனின் வரலாற்றை அச்சடித்துக் கொடுக்க ஆசை.

டாக் ஸ்மித் என்று வாசகர்கள் செல்லமாகக் கூப்பிட்ட ஈ. ஈ. ஸ்மித், விண்மீன் மண்டலங்களை மோதவிட்டவர், பகலில் டோனட் மாவுக்கலவை தயாரித்த உணவு வேதியியலாளர். ஜீன் உல்ஃப் பிரிங்கிள்ஸ் வறுவல் செய்யும் இயந்திரத்தின் வடிவமைப்பில் பங்கெடுத்த பொறியாளர். அடுத்தமுறை அந்த உருளை டப்பாவைத் திறக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈழத்துக் கடலுக்கு வருவோம். 1937 டிசம்பரில் இங்கிலாந்தில் அமெச்சூர் சயின்ஸ் ஸ்டோரிஸ் என்று சைக்ளோஸ்டைல் செய்த ஒரு ரசிகர் இதழில் சின்னக் கதை ஒன்று வந்தது. எழுதியவர் லண்டனில் அரசாங்கத் தணிக்கை வேலை பார்த்த இருபது வயது இளைஞர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் 1956-ல் இலங்கைக்கே வந்து குடியேறினார். அதே ஆண்டு நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலையில் சுவாமி மலைக்கடியில் மூழ்கியபோது, போர்த்துக்கீசியர் இடித்த கோணேஸ்வரத்தின் தூண்களும் கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டார். தணிக்கையாளர், ராடார் அதிகாரி, ஆழ்கடல் மூழ்குநர், விண்வெளிக் கதாசிரியர். திருகோணமலையில் பிறந்த என் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "எங்கட கோணேசர் அவருக்கும் காட்சி குடுத்திருக்கிறார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

ஆச்சியிடம் அடுத்து நான் சொன்னது மேரி ஆன் மோகன்ராஜைப் பற்றி. கொழும்பில் பிறந்த தமிழ்ப்பெண், சின்னக் குழந்தையாக அமெரிக்கா போனவர். 2000-ல் ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் இதழைத் தொடங்கினார். ஊழியர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், அவரவர் வேலை முடிந்த நேரத்தில் இதழை நடத்துகிறவர்கள். வாசகர் நன்கொடையில் ஓடுகிறது, ஆனாலும் எழுதுகிறவருக்குப் பணம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகள் தாண்டியும் வருகிறது! எத்தனையோ நாட்டு எழுத்தாளர்களின் முதல் கதைக்கு வாசல் திறந்துவிட்ட இதழ் அது. அதன் புனைகதை ஆசிரியர்களில் ஒருவராக இருந்த கொழும்புக்காரர் வஜ்ர சந்திரசேகரவின் முதல் நாவலுக்கு நெபுலா விருது வந்தது. மோகன்ராஜ் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார், நாவல் எழுதுகிறார், இலங்கைச் சமையலுக்குப் பெரிய புத்தகம் ஒன்று போட்டிருக்கிறார். ஊர் நூலக வாரியத்துக்குத் தேர்தலில் நின்றும் வென்றிருக்கிறார். விண்வெளியும் மீன்குழம்பும் நூலகமும் ஒருவரின் கையில். இதற்குமேல் ஒரு வாழ்க்கைக்கு என்ன வேண்டும்? புதுச்சேரியில் பிறந்த எஸ். பி. திவ்யாவும் இந்தக் குடும்பம்தான். மின்னியல் பொறியாளராக இருந்துகொண்டே எஸ்கேப் பாட் என்ற ஒலி இதழின் இணை ஆசிரியராகக் கதைகளைத் தேர்ந்தெடுத்தவர்.

கிளார்க்ஸ்வேர்ல்ட் நடத்தும் நீல் கிளார்க்கை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறையும். 2006-ல் தொடங்கினார். அப்போது பகலில் கல்வித்துறையில் கணினி வேலை. 2012-ல் ஓர் எழுத்தாளர் மாநாட்டில் கடுமையான மாரடைப்பு. இதயத்துக்குள் மின்கருவி பொருத்தினார்கள். உடம்புக்குள் இயந்திரம் வந்துவிட்டதே என்று அவர் என்ன செய்தார் தெரியுமா? பாதி மனிதர் பாதி இயந்திரமானவர்களைப் பற்றிய கதைகளைக் கேட்டு வாங்கி 2014-ல் ஒரு தொகுப்பே போட்டார். 2023-ல் செயற்கை நுண்ணறிவால் எழுதிய கதைகள் வெள்ளமாக வந்து குவிந்தபோது, வாசலைக் கொஞ்ச காலம் மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார்.

தமிழில் இந்தப் பரம்பரை கணையாழி இதழில் ஓடுகிறது. 1965-ல் டெல்லியில் அதைத் தொடங்கிய கஸ்தூரிரங்கன் நியூயார்க் டைம்ஸுக்குச் செய்தி அனுப்பியவர். அதில் பல ஆண்டுகள் கடைசிப் பக்கம் எழுதிய ரங்கராஜன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் இருந்தவர். பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். சுஜாதாவைத்தான் சொல்கிறேன். ஜீனோ என்ற இயந்திர நாயையும் வாக்கு இயந்திரத்தையும் ஒரே மூளை யோசித்தது என்பதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. விசும்பு தொகுப்பின் அறிவியல் கதைகளை எழுதிய ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியராக இருந்தவர்.

2018-ல் வந்தது அரூ. சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்கள் முன்னின்று தொடங்கிய கனவுருப்புனைவு மின்னிதழ். தமிழில் இப்படி ஒன்று, அதுவும் நம் ஊரிலிருந்து! 2019-ல் அறிவியல் சிறுகதைப் போட்டி வைத்து, ஜெயமோகனை நடுவராக்கினார்கள். அங்கேதான் சுசித்ராவின் 'யாமத்தும் யானே உளேன்' கதையைப் படித்தேன். நரம்பியல் பயின்றவர், ஸ்விட்சர்லாந்தில் வசித்தவர், ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மூளையை ஆய்வகத்தில் பார்த்த கண்ணும் குறளைக் கேட்ட காதும் ஒருவருக்கே வாய்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கதை சாட்சி. தயவுசெய்து தேடிப் படியுங்கள், இன்றைக்கே.

கிரேன் தம்பி கதையை முடித்து ஓர் இதழுக்கு அனுப்பிவிட்டார். பதில் வரவில்லை. அடுத்ததைத் தொடங்கிவிட்டார், இந்த முறை பாலத்தின் இரண்டு பாகங்களை இணைக்கும் இரவு. நான் இப்போது பழைய தமிழ்ச் சிற்றிதழ்களையும் கையெழுத்துப் பத்திரிகைகளையும் தேடிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஏதாவது இருந்து, அதில் ஒரு ராக்கெட்டோ வேற்றுக்கோள் மனிதரோ வந்தால் எனக்குச் சொல்லுங்கள். எழுதியவர் துறைமுகத்தில் இருந்தாரா, பள்ளியில் கற்பித்தாரா, தேக்காவில் கடை வைத்திருந்தாரா, அதையும் விசாரித்துச் சொல்லுங்கள். வெஸ்ட் மால் வாசலுக்கு வந்தால் போதும், தே தாரிக் நான் வாங்கித் தருகிறேன்.